குடிநோய் மீட்புக் கூட்டங்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளில் குடியை நிறுத்த விரும்புகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும், முதல் கூட்டத்துக்கு வருவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில் எழுதுகிற நானும் இதே கேள்விகளோடு ஒரு வாசலில் தயங்கி நின்றவன்தான். அதனால் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்லியிருக்கிறேன்.

கூட்டம் என்பது சிகிச்சை மையமா?

இல்லை. அங்கே மருத்துவர் இல்லை, கட்டில் இல்லை, சேர்க்கைப் படிவம் இல்லை. குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த முயல்கிறவர்களும் வாரத்தில் ஒரு நாளோ சில நாட்களோ ஓரிடத்தில் கூடி, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை தங்கள் அனுபவத்தைப் பேசிவிட்டுக் கலைகிறார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் இத்தகைய கூட்டங்களில் பரவலாக இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு, எல்லோரும் ஏ.ஏ. என்றே சொல்வார்கள்.

இதன் தொடக்கத்தைத் தெரிந்துகொண்டால் கூட்டத்தின் நோக்கம் எளிதில் விளங்கும். 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தமாகச் சென்ற பில் வில்சன் என்பவர், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர். போன காரியம் கைகூடாமல், விடுதியில் தனியாக நின்றபோது மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்து, தன்னைப்போல் குடியில் சிக்கிய இன்னொருவரைத் தேடிப் பேசினார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். பில் அவருக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காகவே அவரிடம் பேசினார். இன்றைக்கும் புதிதாக ஒருவர் வந்தால் பழைய உறுப்பினர்கள் அவரை ஆவலோடு வரவேற்பதற்கு இதுவே காரணம். அவருக்கு உதவுவது ஒருபுறமிருக்க, அவர் வருவதால் இவர்களுக்கும் அன்றைய நாள் குடியில்லாமல் கழிகிறது. இந்தியாவில் இந்த அமைப்பு 1957இல் தொடங்கியது.

சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் தொடுவதில்லை. தவக்காலம் முழுவதும் குடிப்பதில்லை. அப்படியிருக்க அவர் எப்படி நோயாளியாவார்?

நம் மாவட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் மனைவிமார் கேட்பார்கள். சில நேரங்களில் குடிப்பவரே தமக்குச் சாட்சியாக இதைச் சொல்வார். கார்த்திகையில் மாலை போட்டவர் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்கு முன்னால் நிற்பார். தவக்காலத்தில் 40 நாள் ஒறுத்திருந்தவருக்கு ஈஸ்டர் பண்டிகை குடியோடுதான் விடியும். கோயிலில் கயிறு கட்டியவர், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. விரதம் உண்மை, சத்தியமும் உண்மை. ஆனால் குடிநோயில் நிறுத்துவதைக் காட்டிலும், நிறுத்திய பிறகு தொடாமல் இருப்பதே கடினம். விரதத்துக்கு முடிவுநாள் என்று ஒன்று உண்டு. அந்த நாளை எண்ணிக்கொண்டே மனிதர் தாங்கிக்கொள்கிறார். சுற்றியிருப்பவர்கள் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள், கூடவே பத்துப் பேர் விரதம் இருக்கிறார்கள், மாலை கழுத்தில் கிடக்கிறது. 42ஆம் நாள் இவற்றில் ஒன்றுமே இருப்பதில்லை. அந்த நாளுக்காகவே கூட்டம் இருக்கிறது. அங்கே வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று யாரும் சத்தியம் கேட்பதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம், நாளையைப் பற்றி நாளை பார்க்கலாம் என்பதுதான் பேச்சு. என் கருத்தில், மாலை போட்டு நிறுத்தியவர்கள் மலையிறங்கிய அதே வாரத்தில் முதல் கூட்டத்துக்கு வந்துவிடுவது மிகவும் நல்லது. உடம்பு ஏற்கெனவே தெளிந்திருக்கிறது, மனமும் இன்னும் இளகிய நிலையிலேயே இருக்கிறது.

இன்றைக்கே குடியை நிறுத்திவிட்டு நாளை கூட்டத்துக்கு வரலாமா?

தினமும் குடிக்கிறவராகவும், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவராகவும் இருந்தால், தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். நீண்டகாலம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று மது கிடைக்காதபோது அடங்கியிருப்பதில்லை. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நேரம், இடம் மறந்து, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலை ஏற்படலாம். இந்தக் கடைசி நிலை உயிருக்கே ஆபத்தானது. அதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரவாதியிடம் கொண்டுபோய் ஒரு நாளை வீணாக்குவது ஆபத்தை அதிகமாக்கும்.

ஆசாரிபள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை பெறலாம். மேற்குப் பகுதியிலுள்ளவர்கள் முதலில் தக்கலை அல்லது குழித்துறை அரசு மருத்துவமனையில் காட்டலாம். எவ்வளவு குடிப்பீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்கமாகக் குடிப்பவர்களின் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருக்கும் என்பதால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைக் கொடுக்கவேண்டியிருக்கும். வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் 108ஐ அழையுங்கள். இவ்விதமான நடுக்கம் இல்லாதவர்கள் நேராகக் கூட்டத்துக்கே வரலாம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏ.ஏ. அமைப்பின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்களைத் தேடலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446க்குக் கட்டணமின்றிப் பேசலாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416 வழியாகத் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உள்ள சமூகப் பணியாளரிடம் கேட்பது இன்னொரு வழி. சிகிச்சை முடிந்து போகிறவர்களை எந்தக் கூட்டத்துக்கு அனுப்பலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பங்குப்பணியாளர்கள், சபைப் போதகர்கள், நூலகர்கள் ஆகியோரிடமும் விசாரிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: இடமும் நேரமும் அடிக்கடி மாறும். பள்ளித் தேர்வு, கோயில் கொடை, ஆலயத் திருவிழா என்று ஏதாவது ஒரு காரணத்தால் அரங்கம் கிடைக்காமல் போவதுண்டு. பழைய நோட்டீஸை நம்பி வடசேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் வழியிலேயே கடைக்குள் நுழைந்த கதைகள் எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் கட்டாயமாக ஒரு முறை போன் செய்துவிடுங்கள். விளவங்கோடு, கிள்ளியூர் பகுதிகளில் மலையாளம் புரிகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் நடக்கும் மலையாளக் கூட்டங்களுக்கும் போகலாம். தினமும் போக முடியாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் உண்டு; ஆனால் முதல் கூட்டத்தை நேரில் பார்ப்பதே நல்லது என்பேன்.

ஊரில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

நம்முடையது சிறிய மாவட்டம். ஒருவருடைய வீட்டுப் பெயரைச் சொன்னால் அடுத்தவர் அவருடைய தாய்மாமன் யாரென்று சொல்லிவிடுவார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அப்பா இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால் என்னாகும் என்ற பயம் நியாயமானதுதான்.

கூட்டத்தில் வருகைப் பதிவேடு கிடையாது, கையெழுத்து கிடையாது, முழுப் பெயரையோ வேலையையோ யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே பார்த்தவரையும் கேட்டதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது அடிப்படை ஒழுங்கு. ஆனாலும் இது மனிதர்கள் காக்கும் ஒழுங்குதானே தவிர, சட்டத்தின் காவல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயம் அதிகமாக இருந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கூட்டத்தை விட்டு, தொலைவிலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவிலுக்கும், நாகர்கோவில்காரர் தக்கலைக்கும் போவது சாதாரணமாக நடப்பதுதான். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தெரிந்த முகம் ஒன்று அங்கே இருந்துவிட்டாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். குளச்சல் முக்கிலோ பஸ் ஸ்டாண்டிலோ விழுந்து கிடந்தபோது பார்த்தவர்களைவிட, கூட்டத்துக்குள் நுழைவதைப் பார்க்கப்போகிறவர்கள் மிகக் குறைவு. நாம் தனியாகவும் இல்லை: 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, மதுவால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள் நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேர் என்றும், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார் என்றும் கணக்கிட்டது.

உள்ளே என்ன நடக்கும்? நான் பேசியே ஆகவேண்டுமா?

நாற்காலிகள் வரிசையாகவோ வட்டமாகவோ போட்டிருக்கும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவரும் உறுப்பினர்தான், அதிகாரி அல்லர். சிறிய பிரார்த்தனை, அமைப்பைப் பற்றிய அறிமுக வாசிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு, ஒவ்வொருவராகத் தம் முதல் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசுவார்கள். குடித்த காலத்தில் நடந்ததென்ன, எப்படி நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற வரிசையில் பேச்சு அமையும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடமாட்டார். பேசி முடித்தபின் அவருக்குப் புத்தி சொல்லவும் மாட்டார். நம்மூர் வழக்கத்துக்கு இது மிகவும் புதிது. யார் கஷ்டத்தைச் சொன்னாலும் உடனே வழி சொல்லிப் பழகிய நமக்கு, அந்த மௌனம் முதலில் விசித்திரமாகத் தோன்றும். போகப்போக அதன் அருமை புரியும்.

புதியவரிடம் ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்பார்கள். ‘இன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் போதும். கூட்டத்தில் இரண்டு வகை உண்டு: யாரும் வரக்கூடிய திறந்த கூட்டம், குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் வரும் மூடிய கூட்டம். வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துவர விரும்பினால் திறந்த கூட்டம் எது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். 24 மணி நேரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று குடிக்காமல் இருந்தவர்களுக்குப் பதக்கம் போன்ற சிறிய வில்லை கொடுத்துக் கைதட்டுவதும் பல கூட்டங்களில் வழக்கம். 50 வயது மனிதர் ஒருவர் அந்த வில்லையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வராது.

சில வாரங்கள் கழித்து, நீண்டகாலம் குடிக்காமல் இருக்கும் ஒருவரை உங்களுக்கு வழிகாட்டியாகக் கேட்டுக்கொள்ளலாம். அவரை ஸ்பான்சர் என்பார்கள். குடிக்கவேண்டும் என்ற எண்ணம் வரும்போது முதலில் போன் செய்யவேண்டியது அவருக்குத்தான். ஆண் உறுப்பினருக்கு ஆணும், பெண் உறுப்பினருக்குப் பெண்ணும் ஸ்பான்சராக இருப்பதே நடைமுறை.

சர்ச் ஹாலில் நடக்கிறதாமே. நாங்கள் இந்துக்கள், மதம் மாற்றுவார்களா?

அரங்கம் ஆலயத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். கூட்டம் ஆலயத்துக்குச் சொந்தமானது அல்ல. வாடகை கொடுத்தோ அனுமதி பெற்றோ இடத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஏ.ஏ.யின் 12 படிகள் என்ற வழிமுறையில் கடவுளைப் பற்றிய பேச்சு வருவது உண்மைதான். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அய்யா வழியினரும் முஸ்லிம்களும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அப்படியே பொருள் கொள்ளலாம். யாராவது தம் மதத்தைப் பிரசங்கிக்கத் தொடங்கினால், அது கூட்டத்தின் மரபுக்கு மாறானது என்று நீங்களே சொல்லலாம்.

எவ்வளவு பணம் கட்டவேண்டும்?

ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். விருப்பமுள்ளவர் பத்தோ இருபதோ போடுவார். டீக்கும் வாடகைக்கும் அதுதான். வெளியாரிடம் நன்கொடை வாங்கக்கூடாது என்பது அமைப்பின் விதி.

பெண்கள் வரலாமா?

வரலாம். குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஆனால் நம் பகுதியில் கூட்டம் முழுக்க ஆண்களாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் முறை வருகிற பெண்ணுக்கு அது சங்கடமாக இருக்கும். முன்கூட்டியே போன் செய்து பெண் உறுப்பினர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். பெண்களுக்கென்றே நடக்கும் இணையவழிக் கூட்டங்களும் உள்ளன. வீட்டுக்குள் மறைத்துக் குடிக்கும் பெண்ணுக்கு உதவி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அந்த மௌனத்தை வீட்டார் மானம் என்று பேரிட்டு நீட்டிக்கக்கூடாது.

அவர் வர மறுக்கிறார். மனைவியாகிய நான் என்ன செய்வது?

நீங்கள் வாருங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இயங்குகிறது. அதன் கூட்டம் அருகில் இல்லையென்றால் ஏ.ஏ.யின் திறந்த கூட்டத்திலேயே உட்கார்ந்து கேட்கலாம். கணவருக்காகப் பொய் சொல்லி லீவு வாங்குவது, அவருடைய கடனை நகையை வைத்து அடைப்பது, இரவு முழுதும் வாசலில் காத்திருப்பது ஆகியவற்றில் எதை நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம் என்பதை, அதைச் செய்து பார்த்த இன்னொரு பெண்ணிடம் கேட்பது வேறு யாரிடம் கேட்பதையும்விடப் பயனுள்ளது. வீட்டில் அடி, உதை இருந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள்.

ஆளைப் பிடித்துக் கட்டிக் கொண்டுபோய் அடைத்துவிடும் தனியார் மையங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவுச் சான்றையும், மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார் என்பதையும், வீட்டார் வந்து பார்க்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் யாரையும் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டில் கலந்துகொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மருந்து என்று விற்கிறார்களே?

வேண்டாம். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே மருத்துவத்தில் பயன்படுவதுதான். அதைச் சாப்பிடுகிறவர் மது குடித்தால், உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் சிதையாமல் தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் மீன்குழம்பில் கலந்துகொடுத்தால் அதுவே விஷம். இதய நோய் உள்ளவருக்கு மரணமும் நேரலாம். பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது.

அக்கானி, அரிஷ்டம், கிறிஸ்துமஸ் ஒயின்?

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய புதிய அக்கானி, அதாவது பதநீர், நொதிப்பதில்லை, குடிக்கலாம். சுண்ணாம்பு குறைந்தாலோ, வெயிலில் நேரமாகிவிட்டாலோ அதுவே கள்ளாகத் தொடங்கும் என்பது பனையேறுகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். அரிஷ்டம், ஆசவம் வகைகளில் தயாரிப்பின்போதே ஆல்கஹால் உண்டாகிறது. பசிக்கு, செரிமானத்துக்கு என்று வாங்கிவைத்த தசமூலாரிஷ்டத்தைப் பாதிக்குப்பி குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்தியரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். வீட்டில் செய்த திராட்சை ஒயினும் ஒயின்தான். கேக் மட்டும் சாப்பிடுங்கள்.

ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கூட்டத்துக்கு எப்படி வருவது?

தூத்தூர் வட்டாரத்து மீனவர்களின் நிலைமை தனியானது. கடலில் மது இல்லாமல் வாரக்கணக்கில் இருந்துவிட்டுக் கரையேறியதும் பங்குப் பணத்தோடு குடிக்கத் தொடங்குவது, மாலை போட்ட கதைதான். ஆனால் இதில் கூடுதலான ஆபத்து உண்டு: கரையில் கடைசி நாள் வரை குடித்தவர் படகேறினால், மேலே சொன்ன வலிப்பும் பிதற்றலும் மருத்துவமனை எட்டாத தொலைவில் வரும். பிதற்றுகிற மனிதர் படகின் ஓரத்துக்குப் போவதைத் தடுக்க ஆள் வேண்டியிருக்கும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே மருத்துவ உதவியோடு நிறுத்திவிடவேண்டும். கரையேறும் நாளை ஸ்பான்சருக்கு முன்பே சொல்லிவைத்து, துறைமுகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவரைச் சந்திப்பது நல்ல ஏற்பாடு.

இது உண்மையிலேயே பலன் தருமா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. கூட்டங்களோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சையைப் பெற்றவர்கள், வேறு சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக முழு மதுவிலக்கில் நிலைத்தார்கள் என்று அது கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்பதல்ல இதன் பொருள். குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் உண்டு. மருத்துவர் கொடுத்தால் அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்கு வரலாம். கூட்டத்துக்கு வந்தபின் மாத்திரை எதற்கு என்று சொல்லும் உறுப்பினர் எவரேனும் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்கவேண்டாம்.

ஆறு மாதம் இருந்துவிட்டுத் திருவிழாவில் குடித்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு போவது?

கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும் டிசம்பர் 3க்குப் பிறகும், மாசியில் மண்டைக்காடு கொடைக்குப் பிறகும் இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. அதே முகத்தோடு போங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒருமுறைக்கு மேல் திரும்பி வந்தவர்கள். யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் முதலில் மருத்துவமனை. போதையிலேயே வந்துவிட்டாலும் வெளியேற்றமாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள்.

வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நான் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது, தொடர்பு எண்ணில் பேசியவரிடம் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கும்படி கேளுங்கள். மாட்டேன் என்று சொல்லமாட்டார். கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில், கடை திறந்திருக்கும் நேரத்திலேயே நடக்கின்றன. முடிந்து வெளியே வரும்போதும் கடை திறந்தேதான் இருக்கும். மலையோரப் பகுதிகளுக்குக் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும் என்பதால், குலசேகரம், அருமனை பக்கம் போகவேண்டியவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைக் வைத்திருக்கும் யாராவது ஒருவர் வீட்டு முக்கு வரை கொண்டுவிடுவார்.